வேற்று இயங்குதளத்து எடிட்டரை டெபியனுக்குப் பேக்கேஜ் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேக்கேஜ் கட்ட, அதாவது ஒரு நிரலை எளிதாக நிறுவவும் நீக்கவும் முடிகிற பொதியாக்க, பழக வருகிறவர்களுக்கு நான் கையில் கொடுப்பது எம்ஜி என்ற சின்ன எடிட்டரை. அது ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தோடு வருவது. லினக்ஸில் ஓடும்படி வேறொருவர் பெயர்த்து வைத்திருக்கிறார். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் ஏற்கெனவே அது இருப்பதால், நீங்கள் தப்பாகக் கட்டினாலும் யாருக்கும் நட்டம் இல்லை. கட்டி முடித்த பிறகு அசலைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் நாம் வாயால் சொல்கிற ஒலிப்பில் எழுதியிருக்கிறேன்.

1. எம்ஜின்னா என்ன அக்கா? பின்னாடி ஒரு ஆர் இருக்கணுமே?

இந்த ஜோக்கை இதுவரை சொல்லாத ஆளை நான் பார்க்கவில்லை. 1980களில் டேவ் கான்ராய் எழுதிய மைக்ரோ ஈமேக்ஸிலிருந்து கிளைத்த எடிட்டர் இது. முதலில் இதன் பெயர் மைக்ரோ குனு ஈமேக்ஸ். குனு திட்டத்தோடு தொடர்பில்லாத ஒன்றுக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று அத்திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் கேட்டுக்கொண்டதால் எம்ஜி ஆனது. 2000ஆம் ஆண்டு ஓபன்பிஎஸ்டிக்குள் போய், இன்றுவரை அங்கேதான் வளர்கிறது.

விரல் பழக்கம் எல்லாம் ஈமேக்ஸ் என்ற பெரிய எடிட்டர் மாதிரியே இருக்கும். ஆனால் ஈமேக்ஸில் இருக்கிற லிஸ்ப் மொழி இதன் உள்ளே கிடையாது. சில நூறு கிலோபைட்டில் முடிந்துவிடும். சின்ன சர்வர், பழைய மெஷின், ஏதோ உடைந்துபோய் மீட்பு முறையில் பூட் ஆகியிருக்கும் லேப்டாப், இங்கெல்லாம் இது கைகொடுக்கும்.

2. போர்ட் பண்றதுன்னா இன்னொரு மெஷின்ல கம்பைல் பண்றதுதானே?

கம்பைல் ஆகிவிட்டால் பாதி வேலைகூட முடியவில்லை. ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் தங்கள் வீட்டுக்கு மட்டும்தான் எழுதுகிறார்கள். தங்கள் சி லைப்ரரியில் என்ன இருக்கிறதோ அதைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். லினக்ஸில் அது உண்டா என்று அவர்கள் பார்க்க வேண்டிய கடமை இல்லை. அந்த இடைவெளியை நிரப்புகிறவர்தான் பெயர்ப்பவர். அவர் தாய்வீட்டு நிரலை அவ்வப்போது எடுத்து, லினக்ஸுக்கு வேண்டிய ஒட்டு வேலையைச் சேர்த்து, தனியாக வெளியிடுவார். அதை டெபியன் என்ற புகுந்த வீட்டின் வழக்கத்துக்குப் பழக்குவது நம் வேலை.

ஆக மூன்று இடங்கள்: தாய்வீடு, பெயர்ப்பவர், டெபியன். கீழே வரும் சிக்கல்களில் முக்கால்வாசி, எந்த மாற்றம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று தெரியாததால் வருபவை. எடிட்டர்கள் இப்படி வீடு மாறுவது புதிதல்ல. யூனிக்ஸின் பழைய எடிட்டரான வி போன்ற ஒன்று வேண்டும் என்று அடாரி எஸ்டி கணினிக்கு எழுதப்பட்டது ஸ்டீவி. அது அமீகா என்ற இன்னொரு கணினிக்குப் போய், பிராம் மோலனார் கையில் விம் ஆகி 1991இல் வெளியானது. யூனிக்ஸுக்கு அது வந்ததே 1992இல்தான். இன்று லினக்ஸிலேயே பிறந்தது போல உட்கார்ந்திருக்கிறது.

3. இறக்கி, மேக், மேக் இன்ஸ்டால் அடிச்சா ஓடுதே. பேக்கேஜ் எதுக்கு?

உங்கள் ஒரு மெஷினுக்கு மட்டும் என்றால் அது போதும். ஆனால் ஆறு மாதம் கழித்து அதை எப்படி நீக்குவீர்கள்? பாதுகாப்புத் திருத்தம் வந்தால் யார் சொல்வார்கள்? டெபியனில் ஒருவர் ஏப்ட் என்ற நிறுவும் கருவி மூலம் ஒரு எடிட்டரை நிறுவும்போது, அதன் மூல நிரல், உரிமம், எந்தக் கட்டளையால் கட்டப்பட்டது என்பது வரை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கலாம். அந்த உறுதியைக் கொடுக்கத்தான் இவ்வளவு பாடு.

4. லைசென்ஸ்னு ஒரு பைல் இருக்கு. அதைக் காப்பி பண்ணிப் போட்டா போதாதா?

போதாது. எடிட்டர்களின் வரலாற்றைப் பார்த்தாலே ஏன் என்று புரியும். பைன் மின்னஞ்சல் நிரலோடு வந்த பிக்கோ எவ்வளவு எளிமையான எடிட்டர்! ஆனால் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உரிமம், மாற்றிக் கட்டிய பைனரியை, அதாவது கம்பைல் ஆகி ஓடத் தயாரான கோப்பை, விநியோகிக்கத் தடையாக இருந்தது. டெபியனால் அதைக் கொடுக்க முடியவில்லை. அந்த எரிச்சலில்தான் 1999இல் கிறிஸ் அலெக்ரெட்டா, பார்க்க அதே மாதிரி இருக்கிற ஒன்றைப் புதிதாக எழுதினார். டிப் என்று பெயர் வைத்தார். யூனிக்ஸில் ஏற்கெனவே டிப் என்று ஒரு கட்டளை இருந்ததால், 2000 ஜனவரியில் அதை நானோ என்று மாற்றினார். உரிமச் சிக்கல், பெயர்ச் சிக்கல் இரண்டும் ஒரே எடிட்டரில்.

வி கதையும் இதே ரகம். பில் ஜாய் எழுதிய வி, பழைய யூனிக்ஸின் எட் என்ற எடிட்டரின் நிரலிலிருந்து வளர்ந்தது. யூனிக்ஸைச் சொந்தமாக வைத்திருந்த ஏடி அண்ட் டியின் உரிமம் இல்லாதவர்கள் அதைத் தொட முடியாது. அதனால்தான் பெர்க்லி யூனிக்ஸான பிஎஸ்டிக்காகக் கீத் போஸ்டிக் என்வி என்று ஒன்றைத் தனியாக எழுத வேண்டிவந்தது. 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸ் நிரல்களை பிஎஸ்டி பாணி உரிமத்தில் விட்டபிறகுதான் அசல் வி-யை இன்றைய மெஷின்களுக்குப் பெயர்ப்பதற்கு வழி பிறந்தது.

எம்ஜிக்கு வருவோம். பெரும்பாலான கோப்புகளின் முதல் வரியிலேயே இது பொது உடைமை என்று இருக்கும். சரி என்று மேலோட்டமாக விட்டுவிட்டால், நடுவே தனிப் பதிப்புரிமை வரியோடு இருக்கும் கோப்புகள் தப்பிவிடும். பெயர்ப்பவர் சேர்த்த கோப்புகளுக்கு அவருடைய உரிமம் வேறாக இருக்கலாம். ஒவ்வொரு கோப்பின் தலையையும் திறந்து பாருங்கள். நான் பழகும்போது இதைச் சோம்பேறித்தனமாகச் செய்து, வேறொரு பேக்கேஜில் திருப்பி அனுப்பப்பட்டேன். காரணம் ஒரே ஒரு கோப்பு.

5. எங்கிருந்து ஆரம்பிக்கிறது? நேரா கோப்புகளை எழுதலாமா?

முதலில் தேடுங்கள். வேறு பெயரில் ஏற்கெனவே இருக்கலாம். யாரோ தொடங்கிப் பாதியில் விட்டிருக்கலாம். இல்லை என்று உறுதியானால், டெபியன் வழுத் தடத்தில், அதாவது பிழைகளையும் கோரிக்கைகளையும் பதியும் இடத்தில், டபிள்யூஎன்பிபி என்ற போலிப் பேக்கேஜின் மேல் ஒரு வழு பதிவு செய்ய வேண்டும். தலைப்பு ஐடிபி என்று தொடங்கும். 'இதை நான் கட்டப்போகிறேன்' என்ற அறிவிப்பு அது. ரிப்போர்ட்பக் என்ற கருவியே கேள்வி கேட்டு நிரப்பித் தரும். கல்யாணப் பத்திரிகை மாதிரிதான். ஆட்சேபம் இருப்பவர்கள் அப்போதே சொல்லிவிடுவார்கள்.

6. டெபியன்னு ஒரு போல்டர் இருக்கே, அதுக்குள்ள என்னென்ன வேணும்?

பெயர்ப்பவர் மூல நிரலைக் கட்டி வெளியிட்ட தார்க்கோப்பை அப்படியே தொடாமல் வைத்துக்கொள்கிறோம். நம் கைவேலை முழுவதும் டெபியன் என்ற கோப்புறைக்குள். கண்ட்ரோல் கோப்பில் பெயர், சார்புகள், விளக்கம். ரூல்ஸ் என்பது ஒரு மேக்கோப்பு, அதாவது கட்டும் படிகளை மேக் கருவிக்குச் சொல்லும் கோப்பு. டெப்ஹெல்ப்பர் என்ற உதவிக் கருவிகள் இருப்பதால் இப்போதெல்லாம் நாலைந்து வரியில் முடியும். சேஞ்ச்லாக்கில் பதிப்பு வரலாறு. காப்பிரைட்டில் நான்காம் பதிலில் சொன்ன வேலையின் விளைவு. வாட்ச் கோப்பு, பெயர்ப்பவர் புதிதாக வெளியிட்டாரா என்று பார்க்க. பேட்ச்சஸ் என்ற உள்கோப்புறையில் நாம் மாற்றிய வரிகள்.

இவற்றில் பலரும் அலட்சியமாக எழுதுவது கண்ட்ரோலில் உள்ள விளக்கத்தை. ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களில் தேடி வருகிறவர் அந்த நாலு வரியைப் படித்துத்தான் முடிவெடுக்கிறார். 'இலகுவான, வேகமான எடிட்டர்' என்று எழுதினால் என்ன தெரியும்? எந்த எடிட்டர் தன்னைக் கனமானது, மெதுவானது என்று சொல்லிக்கொள்கிறது?

7. கம்பைல் பண்ணினா 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்'னு வரிசையா கொட்டுது. நான் என்ன தப்பு பண்ணினேன்?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. வரிசையில் எந்தச் செயற்கூறுகளின் பெயர்கள் வருகின்றன என்று பாருங்கள். ஸ்டர்-டு-நம், ஸ்டர்-எல்-காப்பி, எஃப்-கெட்-எல்என் இப்படி இருக்கும். எல்லாம் பிஎஸ்டி வீட்டுப் பாத்திரங்கள். குனு சி லைப்ரரியில் ஸ்டர்-எல்-காப்பியே 2023இல் வந்த 2.38 பதிப்பில்தான் சேர்ந்தது. ஸ்டர்-டு-நம் அங்கே இல்லை.

இந்தக் குறைக்குத்தான் லிப்பிஎஸ்டி என்ற லைப்ரரி இருக்கிறது. அதில் ஓவர்லே என்று ஒரு வசதி உண்டு: லைப்ரரியை இணைக்கும் விவரம் தரும் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் லிப்பிஎஸ்டி-ஓவர்லே என்று கேட்டால், தாய்வீட்டு நிரலில் இன்க்ளூட் வரிகளைத் தொடாமலேயே கம்பைல் ஆகும். கண்ட்ரோலில் கட்டுமானச் சார்பாக அதைப் போட்டுவிடுங்கள். சில பெயர்ப்பாளர்கள் லிப்பிஎஸ்டி வேண்டாம் என்று அந்தச் செயற்கூறுகளின் நகலை உள்ளேயே வைத்திருப்பார்கள். டெபியனில் அதை விரும்புவதில்லை. ஒரே நிரலின் இருபது நகல் இருபது பேக்கேஜில் இருந்தால், ஓட்டை ஒன்று தெரிந்த நாளில் இருபது இடத்தில் அடைக்க வேண்டும்.

எல்லாம் போட்டும் 'டிஎஸ்ஓ மிஸ்ஸிங்' என்று திரையைக் கையாளும் செயற்கூறுகளில் நின்றால், டெபியனில் என்கர்சஸ் என்ற திரை லைப்ரரியிலிருந்து டிஇன்ஃபோ தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பதை மறந்திருக்கிறீர்கள். அதையும் இணைக்கச் சொல்லுங்கள்.

8. நிரல்ல பிளெட்ஜ்னு ஒண்ணு இருக்கு, லினக்ஸ்ல இல்லையே. அதைத் தூக்கிட்டா பாதுகாப்பு போயிடாதா?

நல்ல கேள்வி. பிளெட்ஜ் என்பது உறுதிமொழி. 'இனி நான் இன்னின்ன வேலை மட்டும்தான் செய்வேன்' என்று நிரல், இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குச் சொல்லும். மீறினால் கர்னல் அதைக் கொன்றுவிடும். 2016இல் வந்த ஓபன்பிஎஸ்டி 5.9இலிருந்து இருக்கிறது. லினக்ஸில் நேரான மாற்று இல்லை. அங்கே நிரலைக் கட்டுப்படுத்த இருக்கும் செக்காம்ப், லேண்ட்லாக் எல்லாம் வேறு வேறு வடிவம். பெயர்ப்பவர்கள் பொதுவாக அதை ஒன்றும் செய்யாத வெற்று அழைப்பாக மாற்றிவிடுவார்கள்.

எம்ஜிக்குள்ளிருந்து ஷெல் கட்டளை ஓட்டலாம். அதனால் அதன் உறுதிமொழியே அகலமானது. போனதில் பெரிய இழப்பு இல்லை. ஆனால் பேக்கேஜ் கட்டுகிற நாமே செக்காம்ப் எழுதிச் சேர்க்கலாமே என்று கை அரிக்கும். வேண்டாம். அப்படிச் செய்தால் நீங்கள் கட்டுகிறவர் இல்லை, புதிதாக ஒரு கிளையைப் பராமரிக்கிறவர். பெயர்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

9. மேக்கோப்பே புரியலையே, ஏதோ புள்ளி இன்க்ளூட்னு ஆரம்பிக்குது?

அது பிஎஸ்டி மேக்குக்கு எழுதியது. குனு மேக் அதைப் படிக்காது. பெயர்ப்பவர் குனுவுக்கென்று தனியாக ஒன்று வைத்திருப்பார், அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் டெபியனில் பிமேக் என்ற பேக்கேஜ் இருக்கிறது.

10. ஒரு தப்பைக் கண்டுபிடிச்சு பேட்ச் போட்டேன். இதை யாருக்கு அனுப்பணும்?

மூன்று இடம் என்று இரண்டாம் பதிலில் சொன்னது இதற்குத்தான். அந்தத் தப்பு ஓபன்பிஎஸ்டியிலேயே நிகழ்கிறதா? அப்படியானால் அது தாய்வீட்டுக்கு. லினக்ஸில் மட்டும் நிகழ்கிறதா? பெயர்ப்பவருக்கு. டெபியனின் கோப்புப் பாதை, டெபியனின் பழக்கம் காரணமாக மட்டும் தேவைப்படுகிறதா? நம்மிடமே இருக்கட்டும்.

ஒரு உதாரணம். பெரிய கோப்பை மூடும்போது செயலிழக்கிறது என்று ஒருவர் வழு பதிவு செய்கிறார். நீங்கள் திருத்தி, டெபியனின் பேட்ச் கோப்புறைக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறீர்கள். அடுத்த வெளியீடு வரும்போது பேட்ச் பொருந்தாது. தாய்வீட்டில் அந்தச் செயற்கூறையே மாற்றி எழுதியிருப்பார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து பொருத்துவீர்கள். அதற்கடுத்த தடவையும். ஃபெடோரா, ஆர்ச் போன்ற பிற லினக்ஸ் வழங்கல்களில் கட்டுகிறவர்களும் அதே இரண்டு நாளைச் செலவழித்துக்கொண்டிருப்பார்கள். முதல் நாளே உரிய இடத்துக்கு அனுப்பியிருந்தால் ஒருவர் வேலையோடு முடிந்திருக்கும்.

பேட்ச் கோப்பின் தலையில் நாலு வரி கட்டாயம் எழுதுங்கள்: என்ன செய்கிறது, எங்கிருந்து வந்தது, யார் எழுதியது, மேலே அனுப்பினோமா. 'ஃபார்வர்டட்: நாட்-நீடட்' என்று போட்டால் ஏன் தேவையில்லை என்றும் சொல்லுங்கள். அந்தக் காரணம் மூன்று வருடம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.

11. என் லேப்டாப்ல அருமையா ஓடுது. டெபியன் பில்டு சர்வர்ல, ஆர்ம்ல மட்டும் டெஸ்ட் தொங்கிப்போச்சு. எப்படி?

எனக்குப் பிடித்த கேள்வி. பழைய சி நிரலில் இப்படி ஒரு வரி இருக்கும்: சார் என்ற எழுத்து வகை மாறி ஒன்றில், உள்ளீட்டைப் படிக்கும் கெட்சார் தருவதை வாங்கி, அது ஈஓஎஃப்தானா என்று பார்ப்பது. ஈஓஎஃப் என்பது கோப்பு முடிந்ததைச் சொல்லும் குறி, -1. உங்கள் இன்டெல் மெஷினில் சார் என்பது குறியுள்ள எண். -1 அப்படியே தங்கும். ஆர்ம் செயலியில் சார் குறியில்லாதது. -1 போய் 255 ஆகிவிடும். 255 என்றைக்கும் -1 ஆகாது. கோப்பு முடிந்த பிறகும் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். மாறியை இன்ட் என்று மாற்றினால் தீர்ந்தது. ஒரே ஒரு சொல்.

இது ஐபிஎம்மின் பவர், எஸ்390எக்ஸ் மெஷின்களிலும் வரும். எஸ்390எக்ஸில் பைட்டு வரிசையும் தலைகீழ் என்பதால் அங்கே இன்னும் சில அதிசயங்களைக் காணலாம். அந்த மெஷினில் யார் எடிட்டர் திறக்கப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். அது கண்டுபிடித்துக் கொடுக்கிற தப்பு உங்கள் ராஸ்ப்பெரி பையிலும் இருந்திருக்கும்.

கம்பைலர் புதிதாகும்போதும் இதே கதை. ஜிசிசி கம்பைலரின் 10ஆம் பதிப்பு வந்தபோது, ஒரே மாறியைத் தலைக்கோப்பில் அறிவித்துப் பல இடத்தில் சேர்த்திருந்த நிரல்கள் வரிசையாக உடைந்தன. ஜிசிசி 14இல், அறிவிக்காத செயற்கூறை அழைப்பது எச்சரிக்கை என்ற நிலையிலிருந்து பிழை ஆனது. பழைய எடிட்டர்கள் இரண்டிலும் நன்றாக அடி வாங்கின.

12. பேக்ஸ்பேஸ் அடிச்சா எழுத்து அழியாம ஹெல்ப் வருது. பேக்கேஜ் உடைஞ்சிருக்கா?

பேக்கேஜ் உடையவில்லை, முனையத்தைப் பாருங்கள். ஈமேக்ஸ் குடும்பத்தில் கண்ட்ரோல்-ஹெச் என்றால் உதவி. டெபியனின் கொள்கைப்படி பேக்ஸ்பேஸ் விசை டெல் என்ற எழுத்தை அனுப்ப வேண்டும். அப்போது சிக்கலே இல்லை. விண்டோஸிலிருந்து ஏதோ ஒரு முனைய நிரல் வழியாக நுழையும்போது, அது கண்ட்ரோல்-ஹெச்சை அனுப்பும்படி அமைந்திருக்கும். முனையத்தில் மாற்றுங்கள். முடியாவிட்டால் எம்ஜியில் பிஎஸ்மேப்-மோடு என்று ஒரு கட்டளை உண்டு. இரண்டையும் இடம் மாற்றிவிடும். இதற்காகப் பேக்கேஜில் பேட்ச் போடாதீர்கள். சரியாக அமைத்திருப்பவர்களுக்கு உடைந்துவிடும்.

13. நான் கட்டின எடிட்டர்தான் எல்லாருக்கும் டீஃபால்டா வரணும். எப்படிச் செய்றது?

செய்யக் கூடாது. ஆனால் பட்டியலில் சேர்க்க வேண்டும். டெபியனில் எடிட்டர் என்ற பெயரில் ஒரு பொதுக் கட்டளை இருக்கிறது. எந்த எடிட்டர் பேக்கேஜும் அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் மூலம் அதில் பதிந்துகொள்ளலாம். கையேட்டுப் பக்கத்தையும் துணையாகச் சேர்த்துப் பதிய வேண்டும். பயனர் தானாகத் தேர்ந்தெடுக்காத வரை, அதிக முன்னுரிமை எண் உள்ளது வெல்லும். நானோவுக்கு 40, முழு விம்முக்கு 30, விம்-டைனிக்கு 15. எட் என்ற பழைய எடிட்டருக்கு -100, அதன் அடக்கம் யாருக்கு வரும்!

நான் ஒரு தடவை சோதனைக்காக 50 போட்டு அலுவலக சர்வரில் நிறுவிவிட்டு மறந்துபோனேன். மறுநாள் பக்கத்து இருக்கை நண்பர், நிர்வாக அனுமதிகளைத் திருத்தும் விசுடோவைத் திறந்தார். நானோ என்று நினைத்து, வெளியேற கண்ட்ரோல்-எக்ஸ் அடித்தார். திரையின் அடியில் 'சி-எக்ஸ்' என்று மட்டும் வந்து, அடுத்த விசைக்காக எம்ஜி பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. அவரும் காத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து என்னைக் கூப்பிட்டு, 'சர்வர் தொங்கிடுச்சு மேடம்' என்றார். நானோவைவிடக் குறைந்த எண்ணைப் போடுங்கள்.

14. இதுல தமிழ் எழுத முடியுமா?

முடியாது. உலக மொழிகளின் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறை எம்ஜிக்குத் தெரியாது; அதன் கையேட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டு. அவை எழுத்தென்று தெரியாததால் எம்ஜி ஒவ்வொரு பைட்டையும் எட்டடிமான எண்ணாகக் காட்டும். 'க' என்ற ஒரே எழுத்து, \340\256\225 என்று பன்னிரண்டு கட்டத்தை அடைக்கும். 'அம்மா'வில் மெய்ப்புள்ளியும் காலும் சேர்த்து ஐந்து குறிகள், அறுபது கட்டம். எண்பது கட்டத் திரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் வேறு யாருக்கும் இடம் இல்லை.

தமிழ்க் கோப்பைத் திறந்து அப்படியே சேமித்தால் கெடாது. ஆனால் நடுவில் பேக்ஸ்பேஸ் தட்டினால் ஒரு பைட்டு மட்டும் போய், மீதி இரண்டு அனாதையாக நிற்கும். அதனால்தான் ஆறாம் பதிலில் விளக்கத்தைப் பற்றி அவ்வளவு சொன்னேன். 'பல பைட்டு எழுத்துகளுக்கு ஆதரவு இல்லை' என்ற வரியை அதில் எழுதுங்கள். இது நம் ஆட்களுக்கு மட்டும் இல்லை. தாய்லாந்து, ஜப்பானிய, அரபுப் பயனர்களும் அதைப் பார்த்து நகர்ந்துவிடுவார்கள், நாள் வீணாகாது. பேட்ச் போட்டு யூடிஎஃப்-8 சேர்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் எட்டாம் பதிலின் கடைசி வரிகளைப் படிக்கவும்.

15. பதிப்பு எண் தேதியா இருக்கு, 20200723ன்னு. அப்படியே போடலாமா?

போடலாம். ஆனால் பெயர்ப்பவர் நாளை மனம் மாறி 3.5 என்று வெளியிட்டால்? டெபியனின் கணக்கில் இரண்டு கோடி எங்கே, மூன்று எங்கே! புதியது பழையதைவிடச் சின்னது என்று ஏப்ட் அதைத் தொடாது. அப்போது எப்பாக் என்று முன்னால் 1 போட்டு ஒரு முக்காற்புள்ளி வைக்க வேண்டும். அது ஒரு தடவை வந்தால் ஜென்மத்துக்கும் போகாது. நெற்றியில் பச்சை குத்தின மாதிரி.

புதிதாகக் கட்டுகிறீர்கள், பெயர்ப்பவர் எண் கொடுக்கிற பழக்கம் நிலையாக இல்லை என்றால், 0 போட்டு, ஒரு டில்டே குறி போட்டு, அதன்பின் தேதியை எழுதுங்கள். டெபியனில் டில்டே எதையும்விடச் சின்னது, வெறுமையைவிடவும். நாளை 0.1 வந்தாலும் அது மேலே போய்விடும்.

16. லின்டியன் 'ஹார்டனிங்'னு என்னவோ திட்டுது. நான் எதையும் அணைக்கவே இல்லையே?

லின்டியன் என்பது பேக்கேஜில் தப்புத் தேடும் கருவி. நீங்கள் அணைக்கவில்லை, மேக்கோப்பு அணைத்தது. டெபியன் தன் பாதுகாப்புக் கொடிகளை, அதாவது கம்பைலருக்கான விருப்பங்களை, சிஃபிளாக்ஸ் போன்ற சூழல் மாறியாகக் கொடுக்கிறது. பெயர்ப்பவரின் மேக்கோப்பில் சிஃபிளாக்ஸ் சமம் ஓ2 என்று உறுதியாக எழுதியிருந்தால், அது நம்முடையதைத் தூக்கி எறிந்துவிடும். சமக் குறிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி சேர்த்தால் போதும். ஒரு எழுத்துப் பேட்ச். பெயர்ப்பவருக்கு அனுப்புங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். அதே கோப்பில் இன்ஸ்டாலுக்குப் பக்கத்தில் எஸ் கொடி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பிழைத்திருத்தத் தகவலை உரித்துவிடும். நாளை ஒருவர் செயலிழப்பு விவரம் அனுப்பும்போது உங்களுக்கு வெறும் முகவரிகள்தான் கிடைக்கும்.

17. எடிட்டரை எப்படித் தானா டெஸ்ட் பண்றது? யாராவது உட்கார்ந்து தட்டணுமே?

ஒரு முனையத்துக்குள் பல திரைகளை நடத்தும் டிமக்ஸ் என்ற நிரல் தட்டும். ஒரு டிமக்ஸ் அமர்வைப் பின்னணியில் திறந்து, அதற்குள் எம்ஜியை ஓட்டி, சென்ட்-கீஸ் கட்டளையால் விசைகளை அனுப்புங்கள்: ஒரு வரி எழுது, கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-எஸ், கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-சி. பிறகு கோப்பை எதிர்பார்த்த கோப்போடு ஒப்பிடுங்கள். இதை ஆட்டோபிகேஜிடெஸ்ட் என்ற டெபியனின் தானியங்கிச் சோதனையாக வைத்தால், என்கர்சஸ் புதிதாகும் ஒவ்வொரு முறையும் உங்கள் எடிட்டர் குறைந்தபட்சம் எழுதிச் சேமிக்கிறதா என்று டெபியனே பார்த்துச் சொல்லும். விசைகளுக்கு நடுவே நொடி கணக்கில் தூங்க வைக்காதீர்கள்; மெதுவான மெஷினில் பொய்யாகத் தோற்கும். கோப்பு தோன்றும் வரை சுற்றிப் பாருங்கள்.

18. உள்ளே தியோன்னு ஒரு ஜோக் கட்டளை இருக்கே. எடுத்துடட்டுமா?

ஓபன்பிஎஸ்டியை நிறுவிய தியோ டி ராட்டின் பாணியில் சுருக்கென்று பதில் சொல்லும் கட்டளை அது. விடுங்கள். யாருக்கும் தொல்லை இல்லை. உரிமம் மட்டும் காப்பிரைட் கோப்பில் சரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

19. ஏத்தியாச்சு, அன்ஸ்டேபிள்ல வந்துடுச்சு. டெஸ்டிங்குக்கு மட்டும் நகரவே மாட்டேங்குது, ஏன்?

அன்ஸ்டேபிள் என்பது புதியவை முதலில் வரும் கிளை, டெஸ்டிங் என்பது அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் கிளை. முதல் முறை நுழையும் பேக்கேஜ் நியூ என்ற வரிசையில் நிற்கும். ஆவணக் காப்பாளர்கள் அங்கே உரிமத்தைக் கோப்பு கோப்பாகப் பார்ப்பார்கள். அங்கே நிற்க உங்கள் பைனரியையும் சேர்த்து ஏற்ற வேண்டும். ஆனால் 2019 ஜூலையிலிருந்து, ஆளின் லேப்டாப்பில் கட்டிய பைனரி டெஸ்டிங்குக்குப் போகாது; டெபியனின் கட்டுமான சர்வர்களே கட்டியதுதான் போகும். எனவே நியூ தாண்டியதும், சேஞ்ச்லாக்கில் ஒரு வரி சேர்த்து, மூலத்தை மட்டும் இன்னொரு தடவை ஏற்றுங்கள். பிறகு, அவசரம் மீடியம் என்றால் ஐந்து நாள், பெரிய வழு எதுவும் வராவிட்டால் தானே நகரும். மாதக்கணக்கில் அன்ஸ்டேபிளைப் பார்த்துக் காத்திருந்தவர்கள் உண்டு.

உங்களுக்கு ஏற்றும் உரிமை இல்லாத வரை இந்த இரண்டு தடவையும் ஸ்பான்சர் ஒருவர் கையெழுத்திட்டு ஏற்ற வேண்டும். அவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், 'சார், இரண்டு தடவை தொந்தரவு கொடுப்பேன்' என்று.

20. பெயர்த்தவர் ஆறு மாசமா பதிலே சொல்லல. தாய்வீட்டுல புதுசு வந்துக்கிட்டே இருக்கு. நான் என்ன பண்றது?

அவரும் சம்பளம் இல்லாமல் செய்கிறவர். ஒரு நினைவூட்டல் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். மற்ற வழங்கல்களில் யார் கட்டுகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். பெரும்பாலும் அவர்களும் இதே கேள்வியோடு இருப்பார்கள். கூட்டாகப் பெயர்ப்பு வேலையை எடுத்துக்கொள்ள முடிந்தால் நல்லது, ஆனால் அது பேக்கேஜ் கட்டுவதைவிடப் பெரிய வேலை என்று தெரிந்தே எடுங்கள். தாய்வீட்டு மாற்றங்களை டெபியனின் பேட்ச் கோப்புறையில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போவது மட்டும் வேண்டாம். நாற்பது பேட்ச் சேர்ந்த பிறகு அது பெயர்ப்புதான். பெயர் மட்டும் வேறு.

உங்களாலேயே தொடர முடியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். ஐந்தாம் பதிலில் சொன்ன அதே போலிப் பேக்கேஜின் மேல், ஓ என்று தொடங்கும் தலைப்பில் அனாதையாக அறிவித்துவிடுங்கள். யாராவது எடுப்பார்கள். யாரும் எடுக்காவிட்டாலும், பராமரிக்க ஆள் இல்லை என்று பயனருக்குத் தெரிந்திருக்கும்.

21. இவ்வளவு பாடுபடுறதுக்கு ஓபன்பிஎஸ்டியையே போட்டுக்கலாமே?

தாராளமாக. முதல் பூட்டிலேயே எம்ஜி அங்கே இருக்கும், எதையும் நிறுவ வேண்டாம். பத்தாம் பதிலில் கேட்ட கேள்வி இருக்கிறதல்லவா, தப்பு தாய்வீட்டிலேயே உண்டா என்று? அதைச் சரிபார்க்க நானும் ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓபன்பிஎஸ்டி வைத்திருக்கிறேன்.